பிபி மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

அப்பாவுக்கு எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன்) இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் என்று வந்த வாரமே மெடிக்கலில் 2,100 ரூபாய்க்கு வாங்கினோம், மேல் கையில் கட்டுகிற வகை. எட்டு மாதமாகக் காலையும் இரவும் ஓடுகிறது, ஒரு தடவைதான் பேட்டரி மாற்றினேன். மெஷின் மேல் பெரிய புகார் இல்லை. திரையோரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு கோடு இருக்கிறதே, வில்லங்கம் எல்லாம் அதில்தான்.

பிபி ஏறினால் மட்டும்தான் அதற்கு நிறம் மாறத் தெரியும். 104/66 வந்தாலும் பச்சை, 88/54 வந்து அப்பா எழும்போது சுவரைப் பிடித்தாலும் அதே பச்சை. பத்து நாள் பச்சையையே பார்த்துவிட்டு, "பிபிதான் நார்மலாச்சே, அப்புறம் எதுக்கு பிபி மாத்திரை" என்று எங்களிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டார். நாலாம் நாள் ராத்திரி படுக்க முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிபி என்பது இதயத்துக்கு மட்டும் போடுகிற மார்க் இல்லையாம், இதயம் தள்ளுவதும் ரத்தக்குழாய்கள் தடுப்பதும் சேர்ந்து வருகிற எண். பம்பிங் குறைந்தால் உடம்பு ரத்தம் பத்தவில்லை என்று குழாய்களை இறுக்கிவிடும், உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எண் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சோர்ந்த இதயம் அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளவேண்டும், அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் இன்னும் குறையும். இருபது வருஷ பிபியில் அப்பாவின் குழாய்கள் விறைத்தும் போயிருந்தன. அந்த மாத்திரை குழாயைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்கத்தான். போன வருஷம் மாத்திரை மாற்றாமலே 160 தானாக 120க்கு இறங்கியதே, பாயசம் வைக்காத குறையாகச் சந்தோஷப்பட்டோமே, இதயம் தளர ஆரம்பித்ததே அப்போதாக இருக்கலாம் என்றார்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். கூட வந்த பட்டை அப்பாவின் கைக்குச் சின்னது, அதனால் கூட்டிக் காட்டியது. பெரிய பட்டை தனியாக 650 ரூபாய், கடைக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கலாம். கையைத் தொங்கவிட்டாலும் கூடும், நடுவில் பேசினாலும் கூடும் (அப்பாவைப் பேசாமல் உட்காரவைக்கும் மெஷின் இன்னும் வரவில்லை). துடிப்பு சீராக இல்லாத நாளில் குட்டி இதயப் படம் மினுக்கும், அன்று மூன்று முறை எடுத்துச் சராசரியை எழுதுகிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நிறக்கோட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டியாச்சு.