மெகா சீரியல்: ஒரு பினாங்கு வீட்டின் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மிக்ஸி வாங்கி ஆறு மாதம் ஆனதும் அனுபவம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மிக்ஸியைவிட அதிக நேரம் ஓடியது மெகா சீரியல்தான். ‘மெட்டி ஒலி’யில் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. இதைப் பற்றி நாலு வரி எழுத எனக்கும் தகுதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1996-ல் மலேசியாவில் ஆஸ்ட்ரோ என்ற கட்டண டிஷ் டிவி வருவதற்கு முன் எங்களுக்குத் தமிழ் டிவி என்றால் அரசாங்க அலைவரிசையில் செய்தி, எப்போதாவது ஒரு படம், அவ்வளவுதான். டிஷ் வந்த பிறகு வானவில், சன் டிவி என்று ரிமோட்டில் எண் மனப்பாடமானது. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை, ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை. ‘கோலங்கள்’ ஆயிரத்து ஐந்நூறு எபிசோடைத் தாண்டியது. அது தொடங்கியபோது ஆரம்பப் பள்ளியில் இருந்த பிள்ளைகள், முடியும்போது பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் சொல்லும் முதல் குறை, ‘இழுக்கிறார்கள்’ என்பது. ஒருவர் கதவைத் திறக்கிறார், ஆறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு டொய்ங். உண்மைதான். ஆனால் இதை உட்கார்ந்து பார்க்கிறவர்தான் குறை சொல்வார். அம்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் அடுப்படியிலிருந்து டிவி பாதிதான் தெரியும். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே காதால் பார்ப்பார். பின்னணி இசையை வைத்தே வந்தது மாமியாரா மருமகளா என்று சொல்லிவிடுவார். கவனித்துப் பாருங்கள், சீரியலில் யாரும் யாரையும் சும்மா ‘வா’ என்று கூப்பிடமாட்டார்கள். ‘வாங்க சம்பந்தி’, ‘என்ன ஈஸ்வரி’ என்று உறவோ பெயரோ கட்டாயம் வரும். நேற்று நடந்ததை இன்று இரண்டு பேர் நின்று பேசுவார்கள். கை வேலையாக இருக்கும் மனுஷிக்காகவே செய்த ஏற்பாடு மாதிரி இருக்கும். எழுதுகிறவர்கள் திட்டம் போட்டுச் செய்தார்களோ இல்லையோ, அது வேலை செய்கிறது. தாளிக்கும்போது ஒரு காட்சி தவறினால் நஷ்டம் இல்லை.

எவ்வளவு நஷ்டம் இல்லை என்பதற்குத் தைப்பூசம் சாட்சி. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ரதம் புறப்படும் நாளும் மறுநாளும் எங்கள் வீட்டில் டிவி போடமாட்டார்கள். திரும்பி வந்து, கோயிலுக்கு வராத சித்தியிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், “ஒன்னும் ஆகலைக்கா, இன்னும் அதே வாசல்லதான் நிக்கிறாங்க” என்பார்.

இரண்டாவது, இதை ஒருவர் தனியாகப் பயன்படுத்தினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ‘எதிர்நீச்சல்’ தேவைப்பட்டது. 2022 பிப்ரவரியில் தொடங்கியது, ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம். (அங்கே வில்லன் பெயர் ஆதி, இங்கே ஆதி குணசேகரன். மனிதருக்கு அந்தப் பெயர் மேல் என்ன கோபமோ.) படித்த பெண்களைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் பூட்டி வைக்கும் வீடு. குணசேகரனாக மாரிமுத்து. “இந்தாம்மா, ஏய்!” என்று அவர் ஒரு அதட்டல் போட்டால் எங்கள் ஹாலில் நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார ஆன்ட்டி, மாக்சிக் என்று கூப்பிடுவோம், அவரும் வருவார். தமிழ் அரைகுறை, ஆனால் குணசேகரனைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை. “ஜாஹாட் பெத்துல் லா டியா” (ரொம்பப் பொல்லாதவன் இவன்) என்று அவர் தலையில் அடித்துக்கொள்ள, அம்மா “பின்னே?” என்று முறுக்கு டின்னை நகர்த்துவார். தன் மாமியாரைப் பற்றி அம்மா வாய் திறந்து குறை சொல்லி நான் கேட்டதில்லை. குணசேகரனைத் திட்டும் சாக்கில் பழைய தோட்டத்து வீட்டுக் கதை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தாத்தா சாப்பிட்டு எழுந்தபிறகுதான் பெண்கள் தட்டெடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது விளம்பர இடைவேளைகளில்தான். ரசிகர்களுக்கு சீரியல் என்ன தருகிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: தன் வீட்டைப் பற்றிப் பேச அடுத்தவன் வீடு ஒன்றைத் தருகிறது.

2023 செப்டம்பர் 8-ம் தேதி மாரிமுத்து இறந்தார். அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் அம்மா முதலில் செய்தது சுங்கை பட்டாணிச் சித்திக்குப் போன் போட்டது, சொந்தத்தில் யாராவது போனால் போடுவதுபோல. இவ்வளவு நாள் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டோமே என்று அம்மாவுக்கு ஒரே உறுத்தல். சித்தி ஸ்பீக்கரில் தீர்ப்புச் சொன்னார்: “நம்ம திட்டுனது குணசேகரனை. இந்த மனுஷனை என்னிக்குத் திட்டினோம்?” ரசிகர்களுக்கு நிஜமும் நடிப்பும் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்று எழுதுகிறவர்கள் இந்தப் போனைக் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். நல்ல நடிகர், சந்தேகமில்லை. ஆனாலும் எங்கள் ஹாலில் அந்தப் பதில் குரல் குறைந்துவிட்டது. தினம் வரும் மனிதரை மாற்றுவது சினிமாவில் ஆள் மாற்றுவதுபோல் இல்லை. 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்து, அந்த வருடக் கடைசியில் இரண்டாம் பாகம் வந்தபோது மாக்சிக் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இனி, போனில் சீரியல் பார்க்கும் ஆப். செலவு கணக்கில் டிஷ்ஷை வெட்டிவிட்டு ஆப்புக்கு மாறலாம் என்று நினைக்கிற வீடுகளுக்காகத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன். நாங்கள் இரண்டையும் வைத்துப் பார்த்தோம். ஆப்பின் நன்மைகள் தெரிந்தவைதான்: மழை பெய்தால் படம் போகாது. டிஷ் வாங்கும் அலைவரிசைக்குக் கனமழை ஆகாது, பினாங்கில் சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் போகும் என் அண்ணிக்கு ஆப் இல்லாவிட்டால் சீரியலே இல்லை. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு பார்த்துவிடுவார். டொய்ங் வரும் இடமெல்லாம் விரலால் தள்ளிவிட்டால் ஒரு எபிசோடு பத்து நிமிடத்தில் முடியும்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அம்மா இன்றைய எபிசோடில், அண்ணி மூன்று நாள் பின்னால், தங்கை எங்கே இருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. சாப்பாட்டு மேசையில் அம்மா வாயைத் திறந்தாலே “சொல்லாதீங்க, சொல்லாதீங்க!” ஒரே வீட்டில் ஒரே சீரியலைப் பார்க்கும் மூன்று பேர் அதைப் பற்றிப் பேச முடியாத நிலைமை. போதாக்குறைக்கு யூடியூபில் தினம் ஒரு ப்ரோமோ வந்து எல்லாவற்றையும் உடைத்துவிடும். அதிலும் பாதி, வராத காட்சியை வருவதுபோல் காட்டும் வேலை. தள்ளித் தள்ளிப் பார்த்த அண்ணிக்குக் கதை முழுவதும் தெரியும். ஆனால் அம்மா மாதிரி யாரையும் திட்டத் தோன்றவில்லை என்று அவரே சொன்னார். கோபம் வர நேரம் வேண்டும் போலிருக்கிறது.

2020-ல் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மார்ச் 18-ல் இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, சென்னையிலும் படப்பிடிப்பு நின்றுபோனது. சன் டிவியில் பழைய ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும், சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யாருக்கு என்ன ஆகும் என்பதும் தெரியும். யாரும் யாரையும் ‘சொல்லாதே’ என்று அதட்டவில்லை. முதல் முறை பார்த்தபோது நான் பிள்ளை, எனக்கு அப்பா பாத்திரம் அழுமூஞ்சியாகத் தெரிந்தது. இந்த முறை பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார், நான் அப்படிச் சொல்லவில்லை.

உள்ளூர்த் தொடர்களையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பேச்சு, நம் ஊர் பிளாட், ‘லா’ போட்டுப் பேசும் நாயகி, எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒட்டுதல் வருவதற்குள் முடிந்துவிடுகிறது. அம்மாவின் விமர்சனம்: “இப்பத்தான் பேரு மனப்பாடம் ஆச்சு.”

ஆகவே, வாங்க நினைப்பவர்களுக்கு. தனியாக இருக்கிறீர்கள், ஷிஃப்ட் வேலை என்றால் ஆப் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், மழைக்குப் போனாலும் பரவாயில்லை, டிஷ்ஷை வெட்டாதீர்கள். மாதக் கட்டணத்தில் கொஞ்சம் வெள்ளி மிச்சம் பிடித்தே ஆக வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் பேக்கேஜைக் குறையுங்கள். தம்பி சண்டைக்கு வருவான், அந்த அனுபவத்தை அவனே எழுதட்டும்.