ஓசூர், பாலக்கோடு விவசாயிகளுக்கு மழை ஆப் எழுதுகிறவர்கள் கவனத்துக்கு

மாமரத்துக்கும் தக்காளிக்கும் இன்று மருந்து அடிக்கலாமா என்று சொல்லும் சின்ன ஆப்களைத் தனியாளாக எழுதுகிறவர்கள், தயவுசெய்து ஒரே கம்பெனியின் ஏபிஐயை (வேறு ஆப்கள் தகவல் எடுக்க அந்தக் கம்பெனி திறந்துவைக்கும் வழி) நம்பி மொத்த ஆப்பையும் கட்டாதீர்கள். கம்பெனி கைமாறினால் முதலில் அடிபடுவது இலவசக் கீதான், அதாவது அந்த வழியைத் திறக்கும் ரகசியக் குறியீடு.

1995-ல் தொடங்கிய வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற வானிலைத் தளத்தை 2012-ல் வெதர் சேனல் கம்பெனி வாங்கியது. 2016-ல் அது ஐபிஎம் கைக்குப் போனது. 2018-ல் இலவசக் கீ கொடுப்பதை நிறுத்தினார்கள், பிறகு பழைய கீகளையும் முடக்கினார்கள். சொந்தக் காசில் மொட்டை மாடியில் கருவி வைத்து அளவு அனுப்பியவர்கள் வளர்த்த தளம் அது. அவர்களுக்கு மட்டும் வரம்போடு ஒரு கீ மிஞ்சியது. டார்க் ஸ்கை என்ற இன்னொரு வானிலைச் சேவையை ஆப்பிள் வாங்கியது 2020 மார்ச் 31. புதுப் பதிவு உடனே மூடப்பட்டது, 2023 மார்ச் 31-ல் ஏபிஐயே நின்றுபோனது.

கீ செத்ததும் ஆப்பும் நின்றுவிட்டால் பரவாயில்லை. நடப்பது அதைவிட மோசம். கம்பெனியின் சர்வர் ‘அனுமதி இல்லை’ என்பதற்கான 401 அல்லது 403 என்ற எண்ணை அனுப்பும். கோடு அதை விழுங்கிவிட்டு, கேஷில் (முன்பு எடுத்துச் சேமித்த இடத்தில்) கிடக்கும் பழைய கணிப்பைக் காட்டும். முந்தாநாளைய ‘மழை இல்லை’யை நம்பி ராயக்கோட்டையில் ஒருவர் மருந்து அடிப்பார், சாயங்கால மழை அத்தனையையும் கழுவிக்கொண்டு போகும். மருந்துக் காசும் கூலியும் அவர் தலையில். அதனால் கணிப்புக்குப் பக்கத்திலேயே அது எடுக்கப்பட்ட நேரத்தைக் காட்டுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் பழசானால் ‘தகவல் இல்லை’ என்று மட்டும் வரட்டும்.

வேறு சேவைக்கு மாறும்போதும் அலகில் ஏமாறுவீர்கள். டார்க் ஸ்கை மழை வாய்ப்பை 0 முதல் 1 வரை தந்தது, இப்போது கிடைக்கும் ஓப்பன் மீட்டியோ என்ற சேவை 0 முதல் 100 வரை தருகிறது. ‘0.5-க்கு மேல் என்றால் மழை’ என்ற பழைய வரியை அப்படியே விட்டால் ஒரு சதவீத வாய்ப்புக்கும் குடை காட்டும். ஓப்பன் மீட்டியோவிடம் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று கொடுக்காவிட்டால் ஒரு நாளின் மழைக் கணக்கு காலை 5.30-க்குத் தொடங்கும். இந்திய வானிலைத் துறையின் மழை நாளோ காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ‘கணிப்பு பொய்’ என்று சொல்லக் கூடாது.

ஓப்பன் மீட்டியோவுக்குக் கீ வேண்டாம், நாளுக்கு 10,000 அழைப்பு வரை இலவசம். ஆனால் ஆப்பில் விளம்பரமோ கட்டணமோ இருந்தால் அது வணிகப் பயன்பாடு, இலவசம் செல்லாது. அதன் மென்பொருள் திறந்த மூலம் (கோடு எல்லோருக்கும் கிடைக்கும்) என்பதால் நாளைக்கு அதையும் யாராவது வாங்கினாலும் சொந்த சர்வரில் ஓட்டலாம். இரண்டாவது மூலமாக நார்வே வானிலை நிறுவனத்தின் சேவையை வைத்துக்கொள்ளுங்கள். யூசர் ஏஜென்ட்டில் (அழைப்போடு போகும் அடையாள வரி) ஆப் பெயரும் தொடர்பு முகவரியும் இல்லாவிட்டால் அது 403 தரும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். ஓசூர் கிருஷ்ணகிரியைவிடச் சுமார் 400 மீட்டர் மேலே. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலை மாதிரி வெளியிடும் கால் டிகிரி தரவில் ஒரு கட்டமே ஏறக்குறைய 27 கிலோமீட்டர், நடுவில் உள்ள மலை ஏற்றம் அதில் சரியாகத் தெரியாது. சேவையிடம் இடத்தின் உயரத்தைக் கொடுத்தால் வெப்பநிலை திருந்தும், மழை திருந்தாது.

முக்கியமாக, ஆப் எந்தக் கம்பெனியின் முகவரியையும் நேரடியாகக் கூப்பிடக் கூடாது. உங்கள் சர்வரைக் கூப்பிடட்டும், அது வெளியே போய் எடுத்து வரட்டும். விவசாயிகளின் போனில் இருக்கும் ஆப்பை யாரும் அடிக்கடி அப்டேட் செய்வதில்லை. கம்பெனி மூடினால் நீங்கள் சர்வரில் ஒரு வரி மாற்றினால் போதும்.