புத்தகத் தட்டு தொய்கிறதா? தேக்குக்குக் காசு கொடுக்குமுன்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தளபாடக் கடையில் புத்தக அலுமாரி கேட்டால் பெரும்பாலும் முதலில் காட்டுவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்து, மேலே மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் அலுமாரியைத்தான். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், விலையும் கைக்கு எட்டும். ஓ.எல்., ஏ.எல். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் கொஞ்சக் காலம் போக நடுத்தட்டுகள் வயிறு தள்ளி நிற்கும். உடனே, “இது சரிவராது, தேக்கில அடிப்பிப்பம்” என்று பேச்சு வரும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொய்கிற தட்டுக்கு மரத்தை மாற்றுவதைவிட, தாங்கல் இல்லாமல் கிடக்கிற நீளத்தைக் குறைப்பதுதான் மலிவு, உறுதியும் அதில்தான் கூட. கறையான் விசயத்தில் மட்டும் மரம் எது என்பது உண்மையிலேயே முக்கியம்.

முதலில் பாரத்தைப் பார்ப்போம், ஏனென்றால் புத்தகம் எவ்வளவு கனம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. 500 தாள் கொண்ட ஒரு ஏ4 கட்டு இரண்டரைக் கிலோ, தடிப்பு 2 அங்குலம். அப்படியென்றால் போட்டோக்கொப்பி அடித்த கடந்தகால வினாத்தாள்களையும் ரியூட்டுகளையும் நெருக்கி அடுக்கினால் ஒரு அடி நீளத்துக்கே 15 கிலோ வரும். சாதாரணக் கதைப் புத்தகம், பாடப்புத்தகம் என்றால் அடிக்குப் பத்துக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 3 அடித் தட்டு ஒன்று 30 கிலோவுக்கும் 45 கிலோவுக்கும் இடையில் தாங்கவேண்டும், அதுவும் வருடக் கணக்கில், இரவு பகலாக. சிப்போர்ட்டின் பலவீனமும் இங்கேதான் தெரியும்: பாரம் ஏற்றிய அன்று வளைவதோடு அது நிற்பதில்லை, அதே பாரத்துக்கு மாதங்கள் போகப் போக மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு நூல் போதும். முன்விளிம்பின் இரண்டு முனையிலும் மேல்பக்கம் நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 3 அடிக்கு 3 மில்லிமீற்றர் வரை கண்ணுக்கு உறுத்தாது. அதற்கு மேலே போனால் பார்த்தவுடனே தெரியும், அப்புறம் அது குறையப்போவதில்லை.

இனி மரத்துக்கு மரம் ஒப்பிடுவோம். ஒரே தடிப்பில் எடுத்தால் தேக்கு சிப்போர்ட்டைவிட ஏறக்குறைய நாலு மடங்கு விறைப்பு. பிளைவூட் இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் மேல்தாளின் மரவரி தட்டின் நீளப்பக்கமாக ஓடும்படி வெட்டியிருக்கவேண்டும், குறுக்கே ஓடினால் அந்தப் பலனில் பாதி போய்விடும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை பார்க்க நேர்த்தியாக இருந்தாலும் வளைவதில் சிப்போர்ட்டின் கூடப்பிறந்ததுதான். தடிப்புக் கூடினால் விறைப்பு அதன் மூன்றாம் அடுக்காக, அதாவது தடிப்பை மூன்று தரம் வைத்துப் பெருக்கின கணக்கில் கூடும், அதனால் 18 மில்லிமீற்றருக்குப் பதில் 25 மில்லிமீற்றர் போட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல். இதெல்லாம் நல்ல வித்தியாசங்கள்தான், ஆனால் நீளத்தோடு வைத்துப் பாருங்கள். அடிக்கு இவ்வளவு பாரம் என்று ஒரேமாதிரி ஏற்றினால் தொய்வு நீளத்தின் நாலாம் அடுக்காக, அதாவது நீளத்தை நாலு தரம் வைத்துப் பெருக்கின கணக்கில் போகிறது. 3 அடித் தட்டை 2 அடியாக்கினால் தொய்வு ஐந்தில் ஒன்று. அதே 3 அடித் தட்டுக்கு நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து ஒன்றரை ஒன்றரை அடியாகப் பிரித்தால் பதினாறில் ஒன்றிலும் குறைவு. தேக்குக்கு மாறினால் நாலில் ஒன்று, நடுத்தாங்கல் கொடுத்தால் பதினாறில் ஒன்று. இதில் எதற்குக் காசு குறைவு என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாங்கலை எப்படிக் கொடுப்பது என்பதிலும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று நடுவில் நிற்கிற செங்குத்துப் பலகை, மற்றது முன்விளிம்புக்குக் கீழே நிமிர்த்தி அடிக்கிற ரீப்பை, அதாவது ஒடுங்கிய நீள மரச்சட்டம்.

நடுப்பலகைதான் பலத்தில் முதலிடம். ஆனால் ஒரு தட்டில் மட்டும் வைத்துவிட்டு விடமுடியாது. மேல்தட்டின் நடுப்பலகை தன் பாரத்தைக் கீழ்த்தட்டின் நடுவில் இறக்குகிறது, அந்தத் தட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால் இரண்டு தட்டின் பாரத்தையும் அந்த ஒன்றே சுமந்து வளையும். அதனால் மேலிருந்து கீழ்வரை எல்லாத் தட்டிலும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும், கடைசித் தட்டுக்கும் தரைக்கும் இடையில் ஒரு கட்டையும் வரவேண்டும். இந்தக் கடைசிக் கட்டையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய வீடு பிரித்த பனங் கைமரத் துண்டு வளவில் கிடந்தால் அதற்கு அது நல்ல சாமான், வைரம் பாய்ந்த பக்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. நடுப்பலகையின் குறை என்னவென்றால் பெரிய அட்லஸ், கோப்பு என்று அகலமான சாமான்களை இடம்வலமாக நகர்த்தமுடியாது, தட்டை உயர்த்தித் தாழ்த்துகிற வசதியும் போய்விடும்.

ரீப்பை அந்த வசதியைக் கெடுக்காது. ஒன்றரை அங்குலத்துக்கு முக்கால் அங்குலத்தில் நல்ல மர ரீப்பை ஒன்றை, அகலப்பக்கம் செங்குத்தாக நிற்க, தட்டின் முன்விளிம்புக்குக் கீழே பொருத்தவேண்டும். படுக்கையாக வைத்து அடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. 10 அங்குல ஆழமும் 18 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள சிப்போர்ட் தட்டுக்கு இதுவே ஏறக்குறைய நாலு மடங்கு விறைப்புத் தரும், அதாவது தட்டைத் தேக்காக மாற்றினால் கிடைப்பதை ஒட்டி வந்துவிடும். செய்யும்போது தட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டு, தொய்ந்த வயிறு மேலே தெரிய, இரண்டு நாள் பாரம் வைத்து நேராக்கிக்கொள்ளுங்கள். மெலமைன் மேல் மரப்பசை பிடிக்காது, ரீப்பை படுகிற இடத்தை உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டே பசை பூசவேண்டும். திருகாணியைத் தட்டின் மேலிருந்து கீழ்நோக்கி ரீப்பைக்குள் இறக்குங்கள், முதலில் சிறு துளை போட்டு, அரை அடிக்கு ஒன்று வீதம். சிப்போர்ட்டின் விளிம்புக்குள் நேரே திருகினால் பிளந்து தூளாகக் கொட்டும். என்னைக் கேட்டால் சும்மா ஒரு வீட்டு அலுமாரிக்கு ரீப்பை, வினாத்தாள் கட்டும் சீ.ஆர். கொப்பியும் நிறைந்த அலுமாரிக்கு நடுப்பலகை.

மூன்றாவது ஒரு வழியும் சொல்வார்கள், தொய்ந்த தட்டைப் புரட்டிப் போடுவது. செலவில்லை, உடனே நேராகத் தெரியும், ஆனால் சிறிது காலத்தில் மறுபக்கம் தொய்யும். ரீப்பை வாங்கும்வரைக்கும் சரி.

நடுவைப் பலப்படுத்திவிட்டு முனையை விட்டுவிடக்கூடாது. கடை அலுமாரிகளில் தட்டு நாலு சிறு பிளாஸ்ரிக் முளைகளில் உட்கார்ந்திருக்கும், அவை வளையும், அல்லது சிப்போர்ட் துளை பெருத்து முளை இறங்கும். தட்டின் ஆழத்துக்கு ஒரு மரச்சட்டம் வெட்டி இரண்டு பக்கப் பலகையிலும் திருகி, அதன்மேல் தட்டை வைத்தால் பாரம் முழு நீளத்துக்கும் பரவும். ஒரு மணித்தியால வேலை.

சரி, புதிதாகவே அடிப்பிக்கப் போகிறவர்கள் என்ன மரம் எடுப்பது? முதிரையும் பாலையும் இந்த மண்ணின் மரங்கள், கறையான் லேசில் தொடாது. ஆனால் இரண்டும் கனம், துளை போடாமல் ஆணி இறங்காது, முதிரை விலையும் அப்படி. தட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்பதே என் எண்ணம், முதிரை கிடைத்தால் கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் போடுங்கள், கறையான் முதலில் வருவது அங்கேதான். தேக்கில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: நடுவைரம்தான் கறையானுக்கு நிற்கும், வெளிறு நிற்காது. வெளிர்மஞ்சள் பட்டையாக ஓரத்தில் தெரிகிற பலகையைத் தேக்கு விலைக்கு வாங்கி அடியில் போட்டால் அந்தப் பட்டையோடுதான் அரிப்புத் தொடங்கும். வேம்பு விலை குறைவு, பூச்சி குறைவு, ஆனால் காயாமல் அடித்தால் முறுகும். மரக்காலையில் பலகை எடுக்கும்போது காய்ந்ததா என்று கேட்டே எடுங்கள். மாரியில் அறுத்த பச்சைப் பலகை, தென்மேற்குக் காற்றான சோளகம் வீசத் தொடங்கியதும் உலர்ந்து வில்லாக வளையும். இன்னொன்று, இங்கே சண்டை நடந்த இடங்களில் நின்ற பழைய மரங்களில் சன்னமும் செல் துண்டும் புதைந்திருக்கும், வாளின் பல் போய்விடும் என்று அறுக்கத் தயங்குவார்கள். வளவு மரத்தை அறுப்பிக்க நினைப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை, மரம் வெட்டவும் ஏற்றிப் போகவும் அனுமதி எடுக்கவேண்டியதையும் மறக்கவேண்டாம்.

மரமே வேண்டாம், இரும்பு றாக் போடுவோம் என்பவர்களும் உண்டு. தொய்வு இல்லை, வெள்ளம் வந்தால் ஊதாது, கழற்றி ஏற்றிப் போகலாம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பழகிய சனத்துக்கு அந்தக் கடைசி வசதி சின்ன விசயமில்லை. ஆனால் இரும்புக்குக் கறையான் வராது என்ற நம்பிக்கை பிழை. கறையானுக்கு வேண்டியது புத்தகம், றாக் அல்ல. இரும்புக் காலிலும் சீமெந்துச் சுவரிலும் மண்புற்று எழுப்பிக்கொண்டே ஏறி நேரே தாளுக்குள் போய்விடும். சுவரோடு கட்டுகிற கொங்கிறீற் தட்டுக்கும் இதேதான், அதோடு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை சுவர் ஈரம் குடிக்கிற வீடுகளில் புத்தகத்தின் முதுகுப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

கறையானைத் தடுக்க இங்கே எல்லோருக்கும் தெரிந்தது காலுக்கு அடியில் ரின் வைப்பது. தண்ணீர் ஊற்றினால் கோடையில் வற்றும், மாரியில் நுளம்பு முட்டையிடும், டெங்குக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். கழிவு எஞ்ஜின் ஒயில் கொஞ்சம் ஊற்றுவது நல்லது, பிள்ளைகள் கைவைக்காதபடி ரின் ஆழமாக இருக்கட்டும். அந்த ஒயிலையே பலகையில் பூசுகிற பழக்கம் வேலிக்கட்டைக்குச் சரி, புத்தகத் தட்டுக்குச் சரிவராது, கறையும் மணமும் தாளில் ஏறும். புதுப் பலகை என்றால் பூச்சுக்கு முன்னால் போரக்ஸும் போரிக் அமிலமும் சுடுதண்ணீரில் கரைத்து இரண்டு தடவை பூசிக் காயவிடலாம், கையுறை போட்டுக்கொண்டு. அது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, அதனால் மேலே வார்னிஷ் கட்டாயம். வேப்பமிலை வைப்பதும் நல்லதுதான், அடிக்கடி மாற்றினால்.

ரின் வைத்தும் அலுமாரி சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் பயனில்லை, சுவர் வழியாக வந்துவிடும். 2 அங்குலம் தள்ளி வையுங்கள், புற்று ஏறினால் ரோர்ச் அடித்துப் பார்க்கவும் அந்த இடைவெளி வேண்டும். அதேநேரம் உயரமான அலுமாரியில் சின்னப் பிள்ளை தொற்றி ஏறினால் முன்னால் சரியும், அதனால் சுவரோடு பிணைக்காமலும் விடமுடியாது. மரக்கட்டை வைத்துப் பிணைத்தால் கறையானுக்குப் பாலம் போட்டதாகிவிடும். மேல்பக்கத்தில் இரண்டு இரும்பு எல்-தகடு போட்டுத் திருகினால் பிடிமானமும் கிடைக்கும், அந்தத் தகட்டில் மண்கோடு ஏறினால் வெறும் கண்ணுக்கே தெரியும்.

மேல்பூச்சில் வார்னிஷா பெயின்றா என்றால் நான் வார்னிஷ் பக்கம், குறிப்பாகப் பொலியூரித்தேன் வகை. எனாமல் பெயின்ற் தொட்டுப் பார்க்கக் காய்ந்தமாதிரி இருந்தாலும் உள்ளே இறுக இரண்டு மூன்று கிழமை எடுக்கும், அதற்குள் பாரமான புத்தகத்தை அடுக்கினால் அட்டை ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது நிறமும் கடதாசியும் சேர்ந்து உரியும். பிரெஞ்ச் பொலிஷ் அழகு, ஆனால் சீற் கூரை வீட்டுச் சூட்டுக்கும் ஈரக்கைக்கும் தாங்காது. எதைப் பூசினாலும் மாசி, பங்குனியில் பூசுங்கள். சோளகக் காலத்தில் செம்மண் தூசி ஈரப்பூச்சில் வந்து ஒட்டும், மாரியில் காயவே காயாது.

தட்டுக்குப் பேப்பர் விரிப்பதை விட்டுவிடுவது நல்லது. பழைய பத்திரிகையில் அமிலம் இருக்கிறது, புத்தகப்பூச்சிக்கும் கறையானுக்கும் அது சாப்பாடு, அதற்குக் கீழே நடப்பது நமக்குத் தெரியாது. ஒயில்குளோத்தும் சூட்டில் அட்டையோடு ஒட்டும். வார்னிஷ் பூசிய வெறும் பலகையை ஈரமில்லாத துணியால் துடைப்பதே போதும்.

கடைசியாக அடித்தட்டு. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது நனைந்து அழிந்தது பல வீடுகளில் கீழ்த்தட்டுச் சாமான்கள்தான். சிப்போர்ட் ஒருதரம் தண்ணீர் குடித்து ஊதினால் திரும்பச் சுருங்காது, திருகாணி பிடிக்காது, அதை எறியத்தான் வேண்டும். அதனால் அலுமாரி எதுவானாலும் கால் மட்டும் நல்ல மரமாகவோ இரும்பாகவோ இருக்கட்டும், கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் தொடங்கட்டும், அந்தத் தட்டில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சோதனைப் பெறுபேறு இருக்கிற கோப்புகளை வைக்காதீர்கள்.