அறுவை மேசையில் நிற்பவர்களுக்கு ஓட்டமா, எடைப் பயிற்சியா?

நீண்ட அறுவை சிகிச்சைகளைச் செய்யும்போது பிற்பகுதியில் உடலைப் பிடிக்கும் களைப்பைக் குறைக்க, ஓட்டம், எடைப் பயிற்சி இரண்டையும் செய்து பார்த்த பின் எடைப் பயிற்சியையே முதன்மையாகத் தொடர்கிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

ஓட்டம் இதயத்துக்கும் உறக்கத்துக்கும் நல்லது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவை அரங்கில் யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை. கழுத்தும் தோளும்தான் முதலில் தளர்கின்றன. சிறு துளைகள் வழியே கருவிகளை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கைகளை விலக்கி உயர்த்தியபடியே வைத்திருக்கும்போது, தோள் தசைகள் இடைவிடாது இறுகி நிற்பதால் அவற்றினுள் ரத்த ஓட்டம் குறைகிறது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைக் குனிந்தே தாங்கும் கழுத்தின் பாடும் அதுவே. உருப்பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியும் நெற்றி விளக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தசையின் வலு கூடினால், அதே நிலையில் நிற்க அந்த வலுவில் சிறு பங்கே செலவாகும் என்பதால் களைப்பு தள்ளிப்போகிறது.

எனினும் என்னை முடிவெடுக்க வைத்தது, பயிற்சியில் பெற்ற பலனைப் பராமரிப்பது எவ்வளவு எளிது என்பதுதான். இரவுப் பணியும் அவசர அழைப்புகளும் உள்ள வேலையில் எந்தப் பயிற்சியும் அடிக்கடி அறுபடும். ஓட்டத்தை நிறுத்தினால் இரண்டு, மூன்று வாரங்களிலேயே ஆக்சிஜனை உள்வாங்கும் திறன் இறங்கத் தொடங்கிவிடுகிறது. தசை வலுவோ அதே இடைவெளியில் பெரிதாகக் குறைவதில்லை. ஈட்டிய வலுவைக் காக்க, எடையைக் குறைக்காமல் வாரம் ஒரு முறை செய்தாலே பெரும்பாலும் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியையும், குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சியையும் சேர்த்தே பரிந்துரைக்கிறது; இரண்டுக்கும் நேரம் வாய்க்காத வாரத்தில் நான் விட்டுக்கொடுப்பது ஓட்டத்தைத்தான்.

எடைப் பயிற்சியிலும் குறை உண்டு. முன்கைக்கும் பிடிமானத்துக்கும் கடுமையாக வேலை கொடுத்தால் அதன் பின் சில மணி நேரம் விரல் நடுக்கம் கூடும்; நீடில் ஹோல்டர் என்ற இடுக்கியில் கவ்விய தையல் ஊசியின் முனையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே அறுவை உள்ள நாளின் காலையில் கால்களுக்கான ஸ்குவாட்டோடு (உட்கார்ந்தெழும் பயிற்சி) நிறுத்திக்கொள்கிறேன்.

பிழை குறைவது என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 வினாடி கைகளைத் தளர்த்தும் குறு இடைவேளைக்கே சான்று வலுவாக இருக்கிறது. 2013இல் வெளியான கனடிய ஆய்வொன்று அதனால் கைத்துல்லியம் காக்கப்படுவதைக் காட்டியது. ஆனால் ரத்தம் கசியும் இடத்தை அழுத்திக்கொண்டிருக்கும்போது கையை எடுக்க முடியாது என்பதால், அதைப் பயிற்சிக்கு மாற்றாக நான் கொள்வதில்லை. அமர்ந்தபடி ரோபோ கன்சோலில் செய்யும் அறுவைகளில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே இந்தக் கணக்கு மாறக்கூடும்.