50 முட்டை இன்குபேட்டர்: மூன்று வருஷம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் வீட்டுக்கு வாங்கும் இன்குபேட்டர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெர்மாகோல் அல்லது பிளாஸ்டிக் பெட்டி, 12 வோல்ட் ஃபேன் ஒன்று, குண்டு பல்போ சுருள் ஹீட்டரோ, முட்டைத் தட்டைச் சாய்க்கும் சின்ன மோட்டார், வெளியே வெப்பம், ஈரம், திருப்புதல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்எம்-18 வகைக் கன்ட்ரோலர். இந்த அமைப்பை மூன்று வருஷம் தொடர்ந்து ஓட்டியதில் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்று: பெட்டி நன்றாகவே பொரிக்கும், ஆனால் டிஸ்ப்ளேயில் ஓடும் எண்ணை மட்டும் நம்பினால் பாதி முட்டை வீணாகும். முட்டையின் எடை, அதற்குள் அகலப் பக்கத்தில் இருக்கும் காற்றறை, குஞ்சு ஓடு கொத்தும் நாள் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று சொல்ல முடியும்.

முதலில் வெப்பம். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாத பெட்டியில் சூடு மேலே தேங்கிவிடும் என்பதால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3க்கு மேல் 38.9க்குள் வைக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், யாரோ சொன்ன அளவைத் தன் பெட்டியில் வைத்துத் தோற்பவர்கள் நிறையப் பேர். புதுப் பெட்டி வந்ததும் முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரை சென்சார் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நமக்கு வேண்டிய 37.5 அந்தத் தெர்மாமீட்டரின் அளவுக்குள்ளேயே வருவதால், இதைவிட மலிவான, நம்பகமான ஒப்பீடு வேறு இல்லை. அது தொட்ட உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கருவி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதாவது ஹீட்டர் அணையும்போது வெப்பம் எவ்வளவு தூரம் மேலே ஏறுகிறது என்பதைத்தான் காட்டும். டிஸ்ப்ளே 37.7 காட்ட, தெர்மாமீட்டர் 38.4 என்று நின்றால், கன்ட்ரோலரின் திருத்த அளவை மாற்றுவதோடு ஹீட்டர் வாட்டையும் குறைக்க வேண்டியிருக்கும். இந்த அளவுப் பெட்டிக்கு 60 வாட் போதும். 100 வாட் போட்டால் சீக்கிரம் சூடாகும், ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லையைத் தாண்டும்.

அதே தெர்மாமீட்டரை நாலு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வையுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபேன் காற்று நேராக முட்டை மேல் அடிக்கிறது அல்லது ஒரு மூலைக்குப் போகவில்லை என்று அர்த்தம். ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி, காற்று சுற்றி வரும்படி செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது ஈரப்பதம். நம் ஊரில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70 என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டதும் பெட்டிக்குள் தண்ணீர்த் தட்டை நிரப்பி வைத்துவிடுகிறார்கள். ஆனால் வெளிக்காற்றில் இருக்கும் ஈரம்தான் உள்ளேயும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அறை 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று 37.5 டிகிரிக்குச் சூடானால் தானாகவே சுமார் 47 சதவீதத்துக்கு வந்து நிற்கும். அந்த மாதங்களில் முதல் 18 நாளும் சொட்டுத் தண்ணீர் வைக்கத் தேவையில்லை. வைத்தால் முட்டையிலிருந்து நீர் வெளியேறாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதே பெட்டியைச் சித்திரையில் கரூர், ஈரோடு பக்கம் ஓட்டினால் உள்ளே ஈரம் வெகுவாக இறங்கும், அங்கே இரண்டு தட்டு வைத்தாலும் பற்றாது. தண்ணீரின் ஆழம் ஈரத்தைக் கூட்டாது. தட்டு எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. வாய் குறுகிய டம்ளரில் நிறைய ஊற்றி வைத்துப் பயனில்லை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் ஒரே தீர்வு சமையலறைத் தராசு. ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசாக இருந்தால் போதும். பத்து முட்டைக்குப் பென்சிலால் அடையாளம் போட்டு, வைக்கும் நாளன்று மொத்தமாக எடை போடுங்கள். 18 நாளில் முட்டை சுமார் 12 சதவீத எடையை இழக்க வேண்டும். 45 கிராம் முட்டை பத்து என்றால் 450 கிராம். 7ஆம் நாள் 429, 14ஆம் நாள் 408, 18ஆம் நாள் 396 கிராம் என்று இறங்கி வர வேண்டும். 7ஆம் நாளே 420க்கு வந்துவிட்டால் காற்று வறண்டிருக்கிறது, இன்னொரு தட்டு சேருங்கள். 438லேயே நின்றால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் ஈரப்பத சென்சார் ஐந்து பத்து சதவீதம் தப்பாகக் காட்டினாலும் கவலை இல்லை, அந்தச் சென்சார்கள் வருஷம் போகப் போகத் தப்பாகத்தான் காட்டும். சென்சாரைச் சோதிக்க வேண்டுமானால், ஒரு மூடியில் கல் உப்பைச் சேறு பதத்துக்கு நனைத்து, சென்சாரோடு காற்றுப் புகாத டப்பாவில் பத்து மணி நேரம் வையுங்கள், 75 சதவீதம் காட்ட வேண்டும். சென்சார் உப்பைத் தொடக்கூடாது.

முட்டை தேர்வு பற்றிச் சுருக்கமாக. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை வரை. இட்டு ஏழு நாளைக்குள் வைக்க வேண்டும், கோடையில் நாலைந்து நாளே அதிகம். வெயில் காலத்து வீட்டுக்குள் 30 டிகிரிக்கு மேல் இருக்கும், அதில் கரு அரைகுறையாக வளர ஆரம்பித்துப் பலவீனமாகிவிடும். ஈர மணலுக்கு மேல் வைத்த மண்பானை, அதற்குள் முட்டை, அகலப் பக்கம் மேலே. பாட்டிமார் வழி இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள், ஓட்டின் மேல்படலம் போனால் கிருமி உள்ளே போகும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம், எச்சம் அப்பிய முட்டையைச் சமைத்துவிடலாம். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்த முட்டையை வந்தவுடன் வைக்கக் கூடாது, அரை நாளாவது அகலப் பக்கம் மேலே பார்க்க ஓய்வாக இருக்கட்டும்.

திருப்புவதை மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், தட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவு சாய்கிறதா என்று மட்டும் தினமும் பாருங்கள். முதல் வாரத்தில் திருப்பாமல் விட்டால் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அந்த நஷ்டத்தை அப்புறம் எதுவும் ஈடுகட்டாது. மோட்டார் பழுதானால் கையால் ஒரு நாளைக்கு ஐந்து முறை திருப்புங்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு இரவும் முட்டை வேறு பக்கம் படுத்திருக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுவிட்டால் எந்த முட்டையைத் திருப்பினோம் என்ற சந்தேகம் வராது.

7ஆம் நாள் இரவு அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சின் மேல் முட்டை உட்காரும் அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையை வைத்து ஒவ்வொரு முட்டையாகப் பாருங்கள். நல்ல கருவில், சிலந்தி காலை விரித்த மாதிரி சிவப்பு நரம்புகள் நாலா பக்கமும் ஓடும், நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி தெரியும். அது குஞ்சின் கண். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அந்தப் புள்ளி நீந்துவது போல அசையும். நரம்பு எதுவும் இல்லாமல் மஞ்சள் கருவின் நிழல் மட்டும் ஆடினால் கரு கூடாத முட்டை. நரம்பெல்லாம் சுருங்கி வட்டமாக ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றால், கரு மூன்று நாலு நாளிலேயே செத்துவிட்டது. இந்த இரண்டு வகையையும் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். எடை போடும் பத்தில் ஏதாவது கழிந்தால் எடுப்பதற்கு முன்பே எடை போட்டுக் குறித்துக்கொண்டு, மீதிக்குக் கணக்கை மாற்றுங்கள். பெட்டிக்குள் வெடிக்கும் ஒரு கூமுட்டை பக்கத்து முட்டைகளையும் கெடுத்துவிடும். 14ஆம் நாள் இன்னொரு முறை பார்த்தால் போதும். தினமும் எடுத்துப் பார்ப்பது ஆசையே தவிர, முட்டைக்கு நல்லதல்ல.

18ஆம் நாள் மோட்டாரை நிறுத்தி, முட்டைகளைப் படுக்கை வாக்கில் பரப்புங்கள். கீழே சாக்கோ சொரசொரப்பான ரப்பர் மேட்டோ வேண்டும். செய்தித்தாள் விரித்தால் குஞ்சின் கால் வழுக்கி விரிந்துவிடும். தண்ணீரைக் கூட்டி, காற்றுத் துளைகளையும் முழுக்கத் திறந்துவிடுங்கள். இந்தக் கட்டத்தில் குஞ்சுகளே நிறைய சூடு வெளியிடும், மூச்சும் அதிகம் வாங்கும்.

20ஆம் நாள் காதை வைத்தால் மூடிய முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்கும். குஞ்சு காற்றறைக்குள் அலகை நுழைத்துவிட்டது. பிறகு அகலப் பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். அதோடு எல்லாம் நின்றுபோன மாதிரி இருக்கும், 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட. பெரும்பாலோர் பொறுமை இழந்து ஓட்டை உரிக்கும் நேரம் இது. குஞ்சு சும்மா இல்லை, சவ்வு நரம்புகளில் இருக்கும் ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அப்போது உரித்தால் ரத்தம் கசியும், தொப்புள் மூடாது, குஞ்சு தங்காது. இழுத்து முடித்ததும் அதுவே உள்ளே சுழன்று ஓட்டை வட்டமாக அறுத்து, தொப்பியைத் தள்ளுவது போல மேல்பாகத்தைத் தள்ளும். இடையில் மூடியைத் திறந்தால் ஈரம் ஒரு நிமிஷத்தில் போய், கொத்தி வைத்த முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் வந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று கவலைப்பட வேண்டாம், மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். ரோமம் காய்ந்த பிறகு மொத்தமாக எடுத்து, குஞ்சுகளைச் சூட்டோடு வைத்து வளர்க்கும், 35 டிகிரி உள்ள புரூடருக்கு மாற்றினால் போதும். பொரித்த 7ஆம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் தடுப்புச் சொட்டு மருந்து.

கரன்ட் போனால் பதற வேண்டாம். முட்டை குளிர்வதைத் தாங்கும், அதிகச் சூட்டைத் தாங்காது. இரண்டு மூன்று மணி நேரம் வெப்பம் இறங்கினாலும் பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகுமே தவிர, பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் என்றால் துளைகளை அடைத்து, மேலே போர்வை போட்டு மூடுங்கள். கடைசி வாரம் என்றால் துளையை அடைக்கவே கூடாது. ஆனால் மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் பெட்டியை வைத்திருந்தால், எந்த இன்குபேட்டரும் காப்பாற்றாது. இதில் இருப்பது ஹீட்டர்தான், குளிர்விக்கும் கருவி எதுவும் இல்லை. வீட்டிலேயே குளிர்ந்த அறை எதுவோ அங்கே வையுங்கள், இல்லையென்றால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

பாகங்களில் முதலில் போவது ஃபேன். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு முறை வைத்துப் பொரிக்கும் 21 நாளுக்கு, 504 மணி நேரம், வருஷம் 12 ஈடு என்றால் ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் சுற்றுகிறது. கீச்சென்று சத்தம் வந்தாலே மாற்றிவிட வேண்டும், பால் பேரிங் ஃபேன் கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். குஞ்சு ரோமம் அதில் சுற்றிக்கொள்ளும், ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். அதைவிட ஆபத்து கன்ட்ரோலரின் ரிலே, அதாவது ஹீட்டரை ஏற்றி அணைக்கும் சுவிட்ச். அதன் முனை ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாமல் எரிந்து, விடிவதற்குள் மொத்த ஈடும் வெந்துவிடும். டபிள்யூ1209 போன்ற மலிவான 12 வோல்ட் தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, 38.3ல் வெட்டும்படி அமைத்து, ஹீட்டர் வயரில் தொடராக எலக்ட்ரீஷியனை வைத்து இணைத்துவிடுங்கள். இதை விற்பவர்களே போட்டுத் தர வேண்டும் என்பது என் வலுவான கருத்து. தெர்மாகோல் பெட்டி இரண்டாவது வருஷமே ஓரம் பெயர்ந்து, கறை ஏறி, கழுவினாலும் நாற்றம் போகாது. பிளாஸ்டிக் பெட்டிதான் கடைசியில் லாபம். மின்செலவு பெரிதில்லை: 60 வாட் ஹீட்டர் பாதி நேரம் எரிந்தால் 21 நாளுக்கு 15 யூனிட்.

விற்பவர் சொல்லும் பொரிப்பு சதவீதத்தை எதில் கணக்கிட்டார் என்று கேளுங்கள். 50 வைத்து, 44 கரு கூடி, 36 பொரித்தால் வைத்த முட்டைக்கு 72 சதவீதம், கருக்கூடிய முட்டைக்கு 82. பெட்டியை மதிப்பிட இரண்டாவது எண், சேவலை மதிப்பிட 44.

பொரிக்காத முட்டைகளைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள், நாற்றத்துக்குப் பயந்து விடாதீர்கள். முதல் வாரத்தில் செத்த கரு அதிகம் என்றால் முட்டை பழசு, அல்லது ஆரம்ப வெப்பம் தப்பு. முழுதாக வளர்ந்து, கொத்தாமலே செத்து, உடம்பு நீர் கோத்து வீங்கியிருந்தால் ஈரம் கூடிப்போனது. சவ்வு ரோமத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் கடைசி நாளில் ஈரம் பற்றவில்லை, அல்லது மூடியைத் திறந்தீர்கள். 19ஆம் நாள் இரவே குஞ்சு வெளியே வந்து தொப்புள் மூடாமல் இருந்தால் வெப்பம் கூடுதல், அடுத்த ஈட்டுக்கு 0.2 டிகிரி குறையுங்கள். 22ஆம் நாள் தாண்டி இழுத்தால் 0.2 கூட்டுங்கள். ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம் மட்டும், அதையும் தேதியோடு பெட்டி மூடியின் மேலேயே எழுதி வையுங்கள்.