டிஸ்ப்ளே 37.6, உள்ளே 36.1: இன்குபேட்டர் சென்சாரும் வாரண்டியும், இரண்டரை வருட அனுபவம்

வீட்டில் இருபது சொச்சம் சிறுவிடைக் கோழிகள் இருக்கின்றன. அடைக்கோழியை மட்டும் நம்பினால் ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் வைக்க முடியும் என்பதால், இரண்டரை வருடத்துக்கு முன்பு 70 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்று வாங்கினோம். ஃபேன் உண்டு, முட்டையைத் தானாகத் திருப்பிவிடும், ஒரு வருட வாரண்டி. முதல் ஏழு மாதம் குறையே இல்லை. பத்து முட்டைக்கு ஏழெட்டுக் குஞ்சு வந்தது.

எட்டாவது மாதம் வைத்த ஈட்டில்தான் பிரச்சினை தொடங்கியது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது முக்கால்வாசி முட்டைகளில் ரத்த நரம்பு ஓடியிருந்தது. ஆனால் 21ஆம் நாள் ஒரு ஓடுகூட விரியவில்லை. 22ஆம் நாள் இரவில்தான் முதல் கீறல். 23ஆம் நாள் முடிவில் 60 முட்டைக்கு 19 குஞ்சு. வந்தவற்றிலும் சில தொப்புள் மூடாமல், நிற்கத் தெம்பில்லாமல் கிடந்தன. மீதி முட்டைகளை உடைத்துப் பார்த்தால் பல குஞ்சுகள் முழுதாக வளர்ந்து உள்ளேயே செத்திருந்தன. கூமுட்டையாக இருந்தால்கூட மனசு இவ்வளவு வலித்திருக்காது.

சேவலைக் குறை சொன்னேன், முட்டை பழசோ என்று நினைத்தேன். டிஸ்ப்ளேயைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை, ஏனென்றால் 21 நாளும் அது 37.6 டிகிரி என்று அசையாமல் காட்டியது. அடுத்த ஈட்டில் அம்மாதான் கையை உள்ளே விட்டுவிட்டு, "தொட்டுப் பாரு கண்ணு, அடைக்கோழி வயித்துக்கடியில இருக்கிற முட்டை மாதிரி இது சுடவே இல்லையே" என்றார்.

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்தேன். நமக்கு வேண்டிய 37, 38 டிகிரிக்கு இதைவிட நம்பகமான கருவி வீட்டில் கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள டம்ளரில் சென்சார் முனையையும் தெர்மாமீட்டரையும் சேர்த்துப் பிடித்தேன். கன்ட்ரோலரில் 37.6, தெர்மாமீட்டரில் 36.1. ஒன்றரை டிகிரி நமக்குச் சின்ன வித்தியாசம். 21 நாள் ஓட்டுக்குள் இருக்கும் கருவுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இதில் இருப்பது என்டிசி வகை சென்சார். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், அந்தத் தடையை அளந்துதான் கன்ட்ரோலர் வெப்பநிலையைச் சொல்கிறது. முனையை மூடியிருக்கும் பசையில் நூல் அளவு விரிசல் விட்டாலும் ஈரம் உள்ளே போகும். ஈரம் வழியாகவும் கொஞ்சம் மின்சாரம் ஓடுவதால் தடை குறைந்ததுபோல் ஆகிவிடும். கன்ட்ரோலர் அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு ஹீட்டரை முன்கூட்டியே நிறுத்திவிடும். டிஸ்ப்ளேயில் எல்லாம் சரியாகத் தெரிய, முட்டைகள் குளிரில் கிடக்கும்.

வாரண்டியில் கேட்டேன். போனில் பேசியவர் தன்மையாகத்தான் பேசினார், சென்சாரை கூரியரில் அனுப்பச் சொன்னார். பத்து நாள் கழித்து, "நன்றாக வேலை செய்கிறது, குறை இல்லை" என்று அதையே திருப்பி அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டம்ளரில் வைத்துப் பார்த்தபோது நிஜமாகவே சரியாகக் காட்டியது! கூரியர் பையில் இருந்த நாட்களில் ஈரம் காய்ந்துவிட்டது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை.

அதனால் ஒரு ராத்திரி முழுக்க முனையைத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மறுபடி இரண்டையும் சேர்த்து அளந்தேன். வித்தியாசம் திரும்ப வந்தது. இன்குபேட்டரின் சீரியல் நம்பர், கன்ட்ரோலர் டிஸ்ப்ளே, தெர்மாமீட்டர் மூன்றும் ஒரே காட்சியில் தெரியும்படி, வெட்டாமல் வீடியோ எடுத்து பில்லோடு அனுப்பினேன். இப்போது வேறு பதில் வந்தது: தண்ணீர் பட்ட சேதத்துக்கு வாரண்டி கிடையாதாம். கடைசி மூன்று நாள் ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதம் வைக்கச் சொல்வதே அவர்கள் கொடுத்த கையேடுதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, ஈரத்திலேயே வேலை செய்ய வேண்டிய பொருள் ஈரம் தாங்கவில்லை என்றால் அது தயாரிப்புக் குறை என்று எழுதினேன். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கத் தயாராக இருப்பதையும் சொன்னேன். கோழி வளர்த்து விற்கிறவர்களுக்கு அது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிய பொருள் என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாமும் நுகர்வோர்தான். புகார் வரைக்கும் போகவில்லை. ஆறாம் நாள் புதுச் சென்சார் வந்தது, கூரியர் செலவும் அவர்களுடையது. செத்த குஞ்சுகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை, வாரண்டி அட்டையில் அதற்கு இடமும் இல்லை.

புதுச் சென்சாரும் 0.4 டிகிரி கூடுதலாகத்தான் காட்டியது. ஆனால் அது நிலையான வித்தியாசம் என்பதால் கன்ட்ரோலர் செட்டிங்கில் திருத்திக்கொள்ள முடிந்தது. நாளுக்கு நாள் மாறுகிற வித்தியாசத்தை அப்படித் திருத்த முடியாது, சென்சாரை மாற்றத்தான் வேண்டும். முன்பு ஈடு முடிந்ததும் உள்ளே மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவுவேன். அப்போது முனையை வெளியே எடுத்ததில்லை. விரிசலுக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். இப்போது கழற்றி வைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன், தண்ணீர்த் தட்டுக்கு மேலே தொங்காமல் முட்டை மட்டத்துக்கு நகர்த்தியும் கட்டியிருக்கிறேன்.

மெஷினை வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஃபேனும் திருப்பும் மோட்டாரும் இன்றுவரை பழுதில்லை. சென்சாருக்கு வாரண்டி உண்டா என்பதை மட்டும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே 54 முட்டை, பதினோராம் நாள். நேற்று ராத்திரி அளந்தபோது வித்தியாசம் 0.1தான்.