தோள் அறுவைக்குப் பின் வலி: ஒற்றை ஊசியா, கதீட்டரா?

கழுத்தின் பக்கவாட்டில், கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையைச் சுற்றி அல்ட்ராசவுண்ட் துணையுடன் மரப்பு மருந்தை ஒரே முறை செலுத்தினால், தோள் வலி ஏறத்தாழ 12 முதல் 18 மணி நேரம் அடங்கியிருக்கும். காலையில் அறுவை முடிந்தவருக்கு நள்ளிரவில் மரப்பு விலகி, வலி ஒரேயடியாகத் தாக்குவதுதான் இதன் பெருங்குறை. மரப்பு விலகும் முன்பே வலி மாத்திரையைத் தொடங்கச் சொல்வது இதற்காகத்தான். அதே இடத்தில் கதீட்டர் எனும் மெல்லிய குழாயை வைத்து, 0.2 சதவீத ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைப் பம்பு மூலம் தொடர்ந்து செலுத்தினால், நிம்மதி இரண்டு மூன்று நாள் நீளும். ஆனால் கதீட்டர் நழுவலாம், மருந்து கசிந்து கட்டு நனையலாம். சிறிய ஆர்த்ரோஸ்கோப்பிக்கு (சிறு துளை வழியே கேமரா நுழைத்துச் செய்யும் மூட்டு அறுவை) இத்தனை தொல்லை தேவையில்லை. மூட்டு மாற்றுக்குத் தகும். இரண்டிலுமே அந்தப் பக்கத்து உதரவிதானம் (மூச்சு விட உதவும் தசை) தளரக்கூடும் என்பதாலும், கதீட்டரில் அத்தளர்ச்சி நாள்கணக்கில் நீடிக்கலாம் என்பதாலும், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மயக்க மருத்துவர்கள் பெரும்பாலும் வேறு நரம்பையே தேடுவார்கள்.